பல்லை உடைத்த பட்டம்

“பட்டமா உங்க பல்லை உடைச்சுது?”

“ஆமா ஷார்.”

“காகிதப் பட்டம்?”

“காகிதம் இல்ல ஷார், துணி. ஸ்டண்ட் பட்டம்னு பேரு. ரெண்டு கயிறு இருக்கும். ரெண்டு கையிலயும் ஒவ்வொண்ணு பிடிச்சுக்கிட்டு, வானத்துல கரணம் போட வைக்கணும்.”

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டியூஷன் மாஸ்டருக்கு முன்பற்கள் இரண்டும் இல்லை. ‘ச’ வரவேண்டிய இடத்திலெல்லாம் காற்று வந்துகொண்டிருந்தது. வலது கை கழுத்திலிருந்து தூளியில் தொங்கியது. ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் கட்டு.

மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவர் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுப் பிரிவு அதிகாரி. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. ஆபீஸில் எல்லோருக்கும் அவர் ‘சந்தேகம் சார்’. கடை எரிந்துவிட்டது என்று ஒருவர் வந்தால், தீப்பெட்டி யாருடையது என்று கேட்பார். நகை திருட்டுப் போனது என்று வந்தால், முதலில் நகை இருந்ததா என்று கேட்பார். வீட்டிலும் அப்படித்தான். மாதம் முடிவதற்குள் சர்க்கரை டப்பா காலியானால் மனைவியை எதிரில் உட்காரவைத்து வாக்குமூலம் வாங்காமல் விடமாட்டார். இத்தனை வருட உத்தியோகத்தில் ஒரு பொய்கூடத் தன் மேசையைத் தாண்டிப் போனதில்லை என்பதுதான் அவருடைய சொத்து, சுகம் எல்லாம்.

“எப்படி நடந்துதுன்னு இன்னொரு தடவை சொல்லுங்க.”

மாஸ்டர் சொன்னார். ஒரு வார்த்தை மாறவில்லை. திடீரென்று பலமாகக் காற்றடித்தது. பட்டம் இடப்பக்கம் பாய்ந்தது. பயத்தில் அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். கணுக்கால் பிசகியது. பட்டம் இழுத்த இழுப்பில் தோள்பட்டை நழுவியது. கடைசியில் பூங்கா பெஞ்சில் வாய் மோதி, பற்கள் போயின.

“யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?”

“யார்கிட்டயும் இல்ல ஷார். எல்லாம் விடியோ பாத்ததுதான்.”

“அந்தப் பட்டம் இப்ப எங்க?”

“கைய விட்டு நழுவிப் பறந்து போயிடுச்சு ஷார்.”

“எந்தப் பக்கம்?”

மாஸ்டர் நல்ல கையால் ஜன்னலைக் காட்டினார். சந்தேகம் சார் எழுந்துபோய் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் வானம் மட்டும் இருந்தது.

“சாட்சி?”

“விடியக்காலம் ஷார். ஒரு நாய் இருந்தது.”

மாஸ்டர் வைத்திருந்தது விளையாட்டு விபத்துக்கான பாலிசி. பேங்கில் கணக்குத் தொடங்கப்போன இடத்தில் யாரோ அவர் தலையில் கட்டியது. ஓடி ஆடி அடிபட்டால்தான் அதில் பைசா பெயரும். மாஸ்டர் நொண்டிக்கொண்டே வெளியேறியதும் சந்தேகம் சார் அவருடைய விண்ணப்பத்தை எடுத்தார். ‘கைகளைத் தலைக்கு மேலே தூக்கினேன்’ என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால், ‘எந்த முட்டாள் தூக்குவான்?’ என்று எழுதினார். பிறகு நேரே மேனேஜர் அறைக்குப் போனார்.

மேனேஜர் சிரித்த முகம் உள்ளவர். நிறுவனத்தின் விளம்பரத் தட்டியில் வரிசை குலையாத பற்களோடு சிரித்துக்கொண்டிருப்பவர் அவர்தான். மாடல் ஒருவரைத் தேட வேண்டிய செலவை அந்தப் பற்கள் மிச்சப்படுத்தியிருந்தன.

“இதை நிராகரிச்சுடலாம் சார். ஒரு பட்டத்துக்கு அவ்வளவு பலம் கிடையாது.”

“கிடையாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பொது அறிவு சார்.”

“போன தடவையும் பொது அறிவுன்னுதான் எழுதினீங்க. பூனை ஃப்ரிட்ஜைத் திறக்காதுன்னு. அந்தம்மா பூனையையும் ஃப்ரிட்ஜையும் கோர்ட்டுக்கே கொண்டு வந்துட்டாங்க. நீதிபதி கண் முன்னாடி அது திறந்து, பாலையும் குடிச்சுட்டு, மூடி வேற வச்சுது.”

“அது பயிற்சி கொடுத்த பூனை சார். எனக்கு இப்பவும் சந்தேகம்தான்.”

“சந்தேகப்பட்டா மட்டும் போதாது. நீங்களே ஒரு பட்டத்தை வாங்கி விட்டுப் பாருங்க. ஆளை இழுக்காது, தள்ளாதுன்னு நிரூபிச்சுட்டு அப்புறம் எழுதுங்க.”

அன்று சாயங்காலம் நீளமான ஒரு பையோடு வீட்டுக்கு வந்தவரை மனைவி வாசலிலேயே நிறுத்தினாள்.

“என்னங்க இது? தூண்டிலா?”

“பட்டம். ஆபீஸ் வேலை.”

“உங்க ஆபீஸ்ல பட்டம் விடச் சொல்றாங்களா?”

“பட்டத்தால ஒண்ணும் ஆகாதுன்னு நிரூபிக்கச் சொல்றாங்க.”

“ஒண்ணும் ஆகாதுன்னு நிரூபிக்க எதுக்குங்க நீங்க? சும்மா இருந்தாலே ஒண்ணும் ஆகாதே.”

அவர் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த திடலுக்கு மனைவியையும் அழைத்துக்கொண்டு போனார். ஒருவர் கயிற்றைப் பிடிக்க, இன்னொருவர் எதிரே தூரத்தில் நின்று பட்டத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பட்டம் சிவப்பும் மஞ்சளுமாக, இறக்கை விரித்த பருந்து போல முக்கோணமாக இருந்தது. அதோடு ஒரு செய்முறைக் காகிதமும் வந்திருந்தது. எந்த மொழியிலிருந்தோ யாரோ அவசரத்தில் தமிழாக்கியது.

மனைவி உரக்கப் படித்தாள். “‘விமானி தன் முதுகைக் காற்றுக்கு வழங்கவும். உதவியாளர் பட்டத்தை அன்புடன் மேல்நோக்கி அனுப்பவும்.’ அன்புடன்னா எப்படிங்க?”

“தலைக்கு மேல பிடிச்சு விடும்மா, போதும்.”

அவள் விட்டாள். அவர் இழுத்தார். பட்டம் ஒரு முழம் எழும்பி, மூக்குக் குத்தி விழுந்தது. மறுபடியும் விட்டாள். மறுபடியும் விழுந்தது. விழ விழ அவர் முகம் மலர்ந்தது.

“பாத்தியா! தரையை விட்டே எழும்பாதது ஒரு ஆளை இழுக்குமா? விலாவாரியா எழுதித் தள்ளிடறேன் பாரு.”

மனைவி காகிதத்தைத் திருப்பினாள். “ஏங்க, ‘காற்று இல்லாத நாளில் விமானி இல்லத்தில் இளைப்பாறவும்’னு போட்டிருக்கு. இன்னிக்கு ஒரு இலைகூட அசையலையே.”

சந்தேகம் சார் சுற்றிலும் பார்த்தார். நிஜமாகவே எதுவும் அசையவில்லை. கோர்ட்டிலும் இதைத்தானே கேட்பார்கள் என்று தோன்றியது. அந்தப் பூனை நினைவுக்கு வந்தது.

அடுத்த தடவை காற்று இருக்கும் நாளாகப் பார்த்துப் போனார்கள். மரங்கள் தலைவிரித்து ஆடின. திடலின் ஓரத்து பெஞ்சில் இரண்டு பெரியவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மனைவி பட்டத்தைத் தூக்கிப் பிடித்தாள். விடவே இல்லை, அது அவள் கையிலிருந்து தானாகவே பிடுங்கிக்கொண்டது. துணி கிழிவது போன்ற சத்தத்தோடு விர்ரென்று மேலே போயிற்று.

“போகுது! போகுது!” என்று சந்தேகம் சார் கத்தினார். சந்தோஷமா, பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

“இடப்பக்கம் சாயுதுங்க! வலது பக்கம் திருப்புங்க!”

“திருப்பிட்டேன்! ஸ்டீயரிங் மாதிரி திருப்பிட்டேன்!”

“இது காரில்லங்க! வலது கையை இழுக்கணும்!”

அவர் இரண்டு கைகளையும் சேர்த்து இழுத்தார். பட்டம் இன்னும் வேகம் பிடிக்கவே, பயந்து கைப்பிடிகளை விட்டுவிட்டார். அது இடப்பக்கம் ஒரு பெரிய வட்டம் போட்டு, தரையைப் பார்த்துப் பாய்ந்து வந்து, சதுரங்கப் பலகையை ராஜா ராணியோடு வாரிக்கொண்டு போயிற்று. ஒரு பெரியவர் திட்டினார். தோற்கவிருந்த இன்னொருவர் எழுந்து நின்று நன்றி சொன்னார். இதையெல்லாம் கேட்கிற நிலையில் சந்தேகம் சார் இல்லை. பின்னால் நடந்துகொண்டே போனவர், தண்ணீர்க் குழாய்ப் பள்ளத்தில் கால் இடறி உட்கார்ந்துவிட்டிருந்தார்.

மனைவி ஓடி வந்தாள். “கையை இறக்குங்க முதல்ல. எதுக்கு இப்படி உட்கார்ந்திருக்கீங்க?”

அப்போதுதான் அவர் கவனித்தார். அவருடைய இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருந்தன.

கணுக்கால் வீங்கியது. வீட்டில் அதற்கு ஒத்தடம் கொடுத்தபடியே மனைவி கேட்டாள்: “இதோட விட்டுடலாமா?”

“கணுக்கால் சரி, ஒத்துக்கறேன். அது யாருக்கு வேணாலும் பிசகும். தோள்பட்டை எப்படி நழுவும்? பலமா இழுத்தா கையை விட்டுடலாமே. கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருக்க அவர் என்ன பிடிவாதக்காரரா?”

“நீங்க விட்டீங்களா?”

“நான் விட்டதாலதான் பலகை போச்சு.”

ஆகவே அடுத்த முறை யாருடைய ஆட்டமும் கலையக் கூடாது என்று ஓர் ஏற்பாடு செய்தார். கைப்பிடிகள் இரண்டையும் மணிக்கட்டில் வார் போட்டுக் கட்டிக்கொண்டார். நல்ல எண்ணத்தில் செய்த காரியம். அன்றைக்குக் காற்றுக்கு மட்டும் நல்ல எண்ணம் இல்லை. பட்டம் மேலே ஏறியதும் திடலின் நடுவில் நின்றிருந்தவர், திடலின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தார். பிறகு ஓட்டம் போதாமல் குதிக்க ஆரம்பித்தார். அவர் பட்டத்தை விடவில்லை. பட்டம்தான் அவரை விட்டுக்கொண்டிருந்தது.

“கையை விடுங்க!” என்று மனைவி அலறினாள்.

“கட்டியிருக்கேம்மா!”

“அவுத்து விடுங்க!”

“எந்தக் கையால?”

வேலிச்செடிகள் அவரைத் தடுத்து நிறுத்தின. வலது தோள்பட்டை நழுவியிருந்தது. டாக்டர் அதைத் திரும்ப இடத்தில் பொருத்தி, கையைத் தூளியில் போட்டு அனுப்பினார்.

மறுநாள் நொண்டிக்கொண்டே ஆபீஸுக்குள் நுழைந்தவரைப் பார்த்துத் தட்டச்சுச் சத்தம் நின்றது. கேஷியர் எழுந்து வந்தார்.

“என்ன சார் ஆச்சு?”

“பட்டம்.”

“எது?”

“பட்டம்யா. ஸ்டண்ட் பட்டம். காத்து திடீர்னு பலமா அடிச்சுது.”

கேஷியர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “வீட்டுல ஏதாவது பிரச்சனையா சார்? எங்கிட்ட சொல்லுங்க. வெளியில போகாது.”

“பட்டம்யா!”

“சரி சார். பட்டம்தான். நீங்க சொன்னா சரி.”

மத்தியானத்துக்குள் அவருக்கு மாடிப்படியில் விழுந்தவர், மோட்டார் சைக்கிள் மோதியவர், மனைவியிடம் அடிவாங்கியவர் என்று மூன்று விதமான வரலாறுகள் உண்டாகிவிட்டன. ஓட்டெடுப்பு நடத்தியிருந்தால் மூன்றாவதுதான் ஜெயித்திருக்கும். மேனேஜர் கூப்பிட்டனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார்.

“என் மச்சினிச்சி குடும்பநல ஆலோசகரா இருக்கா. ரொம்பப் பக்குவமாப் பேசுவா. நம்பர் தரட்டுமா?”

“சார், நீங்கதானே பட்டம் விட்டுப் பாக்கச் சொன்னீங்க?”

“சொன்னேன். அதுக்காக இப்படியா? எப்படி நடந்துது, நிதானமாச் சொல்லுங்க.”

சந்தேகம் சார் சொன்னார். காற்று திடீரென்று வந்ததைச் சொன்னார். பட்டம் இடப்பக்கம் பாய்ந்ததைச் சொன்னார். கைகளைத் தலைக்கு மேலே தூக்கியதைச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நின்றுவிட்டார். இதே வார்த்தைகளை, இதே வரிசையில், வேறு ஒருவர் வாயால் கேட்டிருக்கிறோம் என்று உறைத்தது. எதிரே மேனேஜர் தலையை லேசாகச் சாய்த்து, பேனா மூடியால் மோவாயைத் தட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையையும் அவருக்குத் தெரியும். இத்தனை வருடமாக அதை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

“சாட்சி யாராவது உண்டா?” என்றார் மேனேஜர்.

“என் வீட்டுக்காரி சார்.”

“அவங்க வேண்டாம்,” என்றார் மேனேஜர் அவசரமாக.

வீட்டுக்கு வந்தால் மனைவி கொதித்துக்கொண்டிருந்தாள்.

“எதிர்வீட்டம்மா என்னை லிஃப்ட்ல பிடிச்சுக்கிட்டு, ‘என்ன கோபம் இருந்தாலும் கை நீட்டறது தப்பும்மா’ங்கறாங்க! நான் பட்டம்னு சொல்றேன், அவங்க என் கையைப் பிடிச்சுத் தடவிக் கொடுக்கறாங்க. நம்பவே மாட்டேங்கறாங்கங்க.”

சந்தேகம் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கமாக எதிர்வீட்டம்மா ஏன் அந்த நேரத்தில் லிஃப்டில் இருந்தார் என்றுதான் கேட்டிருப்பார். இன்றைக்குக் கேட்கவில்லை.

“நிஜத்தைச் சொல்லி யாரும் நம்பலேன்னா எவ்வளவு கஷ்டமா இருக்கு, இல்லம்மா?” என்றார்.

மனைவி அவர் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

தூளியை அவிழ்த்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

“இன்னும் எந்த உறுப்பு பாக்கி?” என்றாள் மனைவி.

“பல்லு.”

“பல்லு வேணாங்க. இருக்கறதே கொஞ்சம்.”

“பல்லுக்காகப் போகல. சும்மாப் போறேன்.”

கல்யாணம் ஆன நாளாக அவர் வாயிலிருந்து ‘சும்மா’ என்ற சொல் வந்து அவள் கேட்டதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவளும் கிளம்பினாள்.

அன்றைய காற்று சீராக இருந்தது. இந்தத் தடவை அவர் எதையும் நிரூபிக்கவில்லை. அதனாலேயோ என்னவோ, பட்டம் சொன்னபடி கேட்டது. வலது கையை இழுத்தால் வலப்பக்கம் வந்தது. இழுத்தபடியே வைத்திருந்தால் வட்டம் போட்டது. இடது கையை இழுத்தால் அதே வட்டத்தை அவிழ்த்துக் காட்டியது. தரையை நோக்கிப் பாய்ந்தபோது பயந்து இழுக்காமல் நாலடி முன்னால் நடந்தார். கயிறு தளர்ந்து, வேகம் செத்து, பட்டம் குழந்தை மாதிரி வந்து புல்லில் உட்கார்ந்தது. முன்னால் நடக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இத்தனை நாளும் பின்னால் பின்னால் நடந்தே கெட்டோம் என்று அவருக்குப் புரிந்தது.

பிறகு அதுவே பழக்கமாயிற்று. சாயங்காலம் ஆனால் கை ஊறும். நடுவானில் பட்டத்தை அப்படியே நிறுத்திவைக்கக் கற்றுக்கொண்டார். ஒரு வெட்டு வெட்டி, அதை மல்லாக்கப் புரட்டி, வயிற்றைக் காட்டிக்கொண்டு படுக்கவைத்து, மறுபடி எழுப்பக் கற்றுக்கொண்டார். முதல் தடவை அது மல்லாந்தபோது சந்தோஷத்தில் அவர் குதித்ததைப் பார்த்துச் சதுரங்கப் பெரியவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், தூசி விழுந்துவிட்டதாம். அவர் அதையும் நம்பினார்.

ஆபீஸில் அவர் மேசையிலிருந்து கோப்புகள் கிடுகிடுவென்று நகர்ந்தன. காற்றில் பறந்துபோன கூரைத் தகடா? காற்றைப் பற்றி அவரிடமே சொல்கிறீர்களா, கொடுங்கள் கையெழுத்து. வீட்டில் சர்க்கரை டப்பா இரண்டு தடவை காலியானது. அவர் வாயைத் திறக்கவில்லை. மனைவிதான் தாங்க முடியாமல், “எதிர்வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேங்க,” என்று தானாகவே வந்து ஒப்புக்கொண்டாள்.

கடைசியாக டியூஷன் மாஸ்டரின் விண்ணப்பத்தை எடுத்தார். பென்சிலில் எழுதியிருந்ததை ரப்பரால் அழித்தார். ‘முழு இழப்பீடு தரலாம்’ என்று எழுதி மேனேஜரிடம் கொண்டுபோனார்.

மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். “நீங்களா? முழுசாவா?”

“கணுக்கால் எனக்கே ஆச்சு சார். தோள்பட்டையும் ஆச்சு. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நிஜம்.”

“பல்லு?”

“அது மட்டும் எனக்கு ஆகல.”

“பாத்தீங்களா! அதுதான் பெரிய தொகையே. பல்லுக்கு வழியே இல்ல. எனக்கு நேர்ல காட்டுங்க, அப்புறம் பார்ப்போம்.”

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் பளபளக்கும் ஷூவோடு திடலுக்கு வந்தார். சந்தேகம் சார் வந்ததன் நோக்கம் ஒன்றுதான்: மாஸ்டர் விழுந்தது போலவே விழுந்து காட்ட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார்.

பட்டம் ஏறியது. இடப்பக்கம் பாய்ந்தது. அவர் கைகளைத் தலைக்கு மேலே தூக்கினார். பின்னால் நடந்தார். பட்டம் அழகாக ஒரு எட்டு எழுதிவிட்டு நடுவானில் வந்து நின்றது.

“விழுங்களேங்க!” என்று மனைவி பதறினாள்.

“வரமாட்டேங்குதும்மா!”

மறுபடியும் முயன்றார். காலை வேண்டுமென்றே பின்னினார். உடம்பு சாய்ந்தது, கை மட்டும் தன் பாட்டுக்குச் சரியான கயிற்றைச் சரியான அளவு இழுத்துக்கொண்டது. பட்டம் மல்லாந்து, புரண்டு, சுழன்று, தரைக்கு ஒரு சாண் மேலே படுக்கையாகப் போய், இறக்கை நுனிகளை ஊன்றி நின்றது. பெரியவர்கள் விசிலடித்தார்கள். அவருடைய வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாகப் பட்டம் விட்ட நாள் அதுதான். அழுகை வந்தது.

மேனேஜர் சிரித்தார். “இதுவா சார் பல்லை உடைச்சுது? பூ மாதிரி இருக்கு. ஒரு சின்னக் குழந்தைகூட விடும் போலிருக்கே. கொடுங்க இப்படி.”

“வேணாம் சார்.”

“அட, கொடுங்க.”

“சரி சார். ரெண்டே விஷயம் ஞாபகம் வச்சுக்குங்க. கையைத் தலைக்கு மேல தூக்காதீங்க. பின்னால நடக்காதீங்க.”

“இதைக்கூடவா சொல்லித் தரணும்?” என்று மேனேஜர் கைப்பிடிகளை வாங்கிக்கொண்டார்.

காற்று திடீரென்று பலமாக வந்தது. பட்டம் இடப்பக்கம் பாய்ந்தது. மேனேஜர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். பின்னால் நடந்தார். குழாய்ப் பள்ளத்தில் கால் மடங்கியதும் நிலைதடுமாறி முன்னால் பாய்ந்தார். கைப்பிடியை விட்டிருக்கலாம், விடவில்லை. பட்டம் அவரை இழுத்துக்கொண்டு புல்லின் மேல் ஒரு நடை, இரண்டு குதி என்று கொண்டுபோய் பெஞ்சில் சேர்த்தது. பெரியவர்கள் சரியான நேரத்தில் பலகையைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். அனுபவம்.

‘டக்’ என்று ஒரு சத்தம்தான் கேட்டது.

சந்தேகம் சார் ஓடிப்போய்த் தூக்கினார். மேனேஜரின் வாயில் கைக்குட்டை சிவந்துகொண்டிருந்தது. சதுரங்கப் பெரியவர் ஒருவர் குனிந்து, புல்லில் கிடந்த வெள்ளையான ஒன்றை எடுத்து, சிப்பாய் என்று நினைத்துப் பலகையில் வைத்தார். பிறகு உற்றுப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் மரியாதையாக நீட்டினார்.

மேனேஜர் எதையோ சொன்னார்.

“என்ன சார்? புரியல.”

“ஷாங்ஷன்.”

“சார்?”

“ஷாங்ஷன் பண்ணுங்க! முழு ஷாங்ஷன்!”

மறுநாளே கையெழுத்தாகிப் பணம் மாஸ்டர் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. விளம்பரத் தட்டியில் மேனேஜர் இருந்த இடத்தில் ஒரு குடையின் படத்தை மாட்டினார்கள்.

சந்தேகம் சாருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஒரு உண்மையான மனிதரை எதிரில் உட்காரவைத்து, திருடனை விசாரிப்பது போல விசாரித்துவிட்டோமே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு விடுமுறை நாளில் கடைக்குப் போய், நீலமும் வெள்ளையுமாகப் புதுப் பட்டம் ஒன்று வாங்கினார். விண்ணப்பத்தில் இருந்த விலாசத்தைத் தேடிப் பிடித்து, மாடியேறி, அழைப்பு மணியை அழுத்தினார்.

மாஸ்டரின் மனைவி கதவைத் திறந்தார். மாஸ்டர் பையன்களுக்குத் தேர்வு என்று டியூஷனுக்குப் போயிருந்தார். அந்த அம்மா அவரை உட்காரவைத்து, மின்விசிறியைப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்லேர்ந்து வர்றேம்மா. பயப்படாதீங்க, விசாரணை எல்லாம் முடிஞ்சுபோச்சு. உங்க வீட்டுக்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“மன்னிப்பா? எதுக்குங்க?”

“அவர் சொன்னதை முதல்ல நான் நம்பலம்மா. அப்புறம் நானே கத்துக்கிட்டு, விழுந்து எழுந்து, ஒவ்வொண்ணா அனுபவிச்சப்பதான் அவர் சொன்னது அத்தனையும் சத்தியம்னு தெரிஞ்சுது. என் வாழ்க்கையையே அவர் மாத்திட்டாரும்மா. இப்பல்லாம் நான் மனுஷங்களை நம்பறேன்.” பையைத் திறந்து பட்டத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். “இது அவருக்கு. உடம்பு தேறினதும் ஞாயித்துக்கிழமை திடலுக்கு வரச் சொல்லுங்க. நாங்க ரெண்டு பேரும் ஜோடியா விடலாம்.”

அந்த அம்மா மேசைமேல் இருந்ததைப் பார்த்தார். சந்தேகம் சாரைப் பார்த்தார். மறுபடியும் மேசையைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பாவம், தப்பான வீட்டுக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது என்று அவர்மேல் இரக்கப்பட்டு, ரொம்பத் தன்மையாகச் சொன்னார்:

“இந்த வீட்டுல பட்டம்னு இருக்கறது சுவத்துல மாட்டியிருக்கற அவரோட எம்.எஸ்ஸி. ஒண்ணுதாங்க, அவருக்குப் பல்லு போனது பாத்ரூம்ல சோப்பை மிதிச்சு வழுக்கி விழுந்தப்ப.”